நிச்சயத்தன்று வந்த பவளத் திருக்கை

சுடர்விழியை எனக்குக் கண்ணாடிக் கடை வழியாகத்தான் தெரியும். புதுக்கோட்டையில் அருள்தாஸ் நடத்தும் கடையில் அவள் கண் பரிசோதிக்கிறவள். இருட்டறையில் நம்மை உட்கார வைத்து, மூக்கின் மேல் அந்தக் கனத்த சட்டத்தை மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு எடுப்பாள். "இது தெளிவா இருக்குங்களா, இல்ல மொதல்ல போட்டதா?" என்று கேட்பாள். நாம் வாய்க்கு வந்ததைச் சொன்னால் உடனே தெரிந்துவிடும் அவளுக்கு. "அவசரமே இல்ல சார், இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க" என்பாள். எனக்குப் பவர் சரியாக அமையாமல் அந்தக் கடைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. அப்படிப் போன ஒரு நாள், மேசையில் கண்ணாடி உறைகளுக்கு நடுவே பளபளவென்று ஒரு சீட்டு கிடந்ததைப் பார்த்து, இது என்னம்மா என்று கேட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சுதான். பாதியை அவள் சொன்னாள், அவள் சொல்லக் கூச்சப்பட்டதை அருள்தாஸ் சொன்னார்.

குளத்தூர்ப் பெண். அப்பா பிச்சைமுத்து அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா திலகவதிக்கு இரண்டு கறவை மாடுகளும் வீடும்தான் உலகம். திருச்சியில் விடுதியில் தங்கிக் கண் பரிசோதனைப் படிப்புப் படித்தபோது, அறைத் தோழி ஒருத்தி மூலம் சுடர்விழிக்கு இந்தக் கார்டுப் பழக்கம் வந்தது. வெளிநாட்டில் அச்சாகி வருபவை. ஒவ்வொரு கார்டிலும் கற்பனையான ஒரு விலங்கு இருக்கும். அதற்கு இவ்வளவு பலம், இன்ன மாதிரி தாக்கும் என்று எண்கள் இருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடலாம். விளையாடாமல் சேர்த்தும் வைக்கலாம். பாக்கெட்டைப் பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. சாதாரணக் கார்டு நிறைய வரும், அபூர்வமான கார்டு எப்போதாவதுதான் வரும். அபூர்வமானதற்கு உலகம் முழுக்கக் கிராக்கி. கிராக்கி இருப்பதால் போலியும் வந்துவிட்டது.

பெட்டிக் கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிறதே, தங்க நிறத்தில், அதை நான் சொல்லவில்லை. அது பிள்ளைகள் விளையாட வாங்குவது, அதில் யாரும் ஏமாறுவதில்லை. அசலைப் பக்கத்தில் வைத்தாலும் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதபடி அச்சடித்து, அசல் விலைக்கே விற்கிறார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து.

சுடர்விழி சேர்த்தது எல்லாமே கடல் பிராணிகள் உள்ள ஒரே ஒரு வரிசை. கார்டில் பெயர்கள் இங்கிலீஷில்தான் இருக்கும். அவள் எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் வைத்திருந்தாள். முள் நண்டு, இருட்டு விலாங்கு, மூன்று கண் ஆமை. சம்பளம் வந்ததும் ஒரு பாக்கெட் வாங்குவாள். மற்றவர்களிடம் கொடுத்து மாற்றிக்கொள்வாள். அப்படியே வரிசை முழுவதும் சேர்ந்து, கடைசியில் ஒன்று மட்டும் அகப்படாமல் நின்றது. செந்நிறச் சிறகு விரித்த ஒரு திருக்கை மீன். அதற்கு அவள் வைத்த பெயர் பவளத் திருக்கை.

மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது இந்தக் கார்டு விஷயம் ஊரில் வேறு மாதிரிப் பரவியது. "பொண்ணு சீட்டு விளையாடுமாமே" என்று இரண்டு இடம் விலகிப் போனது. மூன்றாவதாக இலுப்பூரிலிருந்து வந்த அழகி அம்மாள் மட்டும் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டார்.

"ஏம்மா, நீ காசு வச்சா ஆடுற?"

"இல்லங்க அத்தே. படம் போட்ட கார்டுங்க. காசே வைக்க மாட்டோம்."

"அப்பச் சரி. எங்க வீட்டுக்காரரு உசிரோட இருந்தப்ப காசு வச்சு ஆடித்தான் மேட்டு நெலம் பூராவும் போச்சு. அதான் கேட்டேன். தப்பா நெனைக்காத."

அவர் மகன் அறிவுச்செல்வன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவன். பாரம் தூக்கும் சங்கிலி, கொக்கி, கம்பிக் கயிறு இவற்றையெல்லாம் சோதித்து, தாங்கும் தாங்காது என்று சொல்வது அவன் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பேச்சுவாக்கில் பவளத் திருக்கை பற்றிச் சொன்னாள். அவன் "ஓ, அப்படியா" என்று கேட்டுக்கொண்டதோடு சரி.

தை மாதம் நிச்சயம். குளத்தூர் வீட்டில் பந்தல் போட்டு, இரண்டு பக்கத்துச் சனமும் கூடியிருந்தது. தட்டு மாற்றி, மோதிரம் போட்டு முடிந்ததும் அறிவுச்செல்வன் சட்டைப் பையிலிருந்து கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தான். உள்ளே பவளத் திருக்கை.

வாங்கிய நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அசல் கார்டின் மேல்பரப்பில் கைரேகை மாதிரி மெல்லிய வரிகள் இருக்கும். சாய்த்தால் வெளிச்சம் அந்த வரிகளில் உடைந்து உடைந்து ஓடும். இது கல்யாணப் பத்திரிகையின் ஜிகினாவைப் போல ஒரே தகடாக மின்னியது. திருப்பினாள். பின்பக்கத்து நீலத்தில் ஒரு கத்தரிப்பூச் சாயல்.

"என்னம்மா, நீ தேடுனது இதுதானே?" என்றார் அழகி.

"ஆமாங்க அத்தே."

கண் கலங்கிவிட்டது. சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். அறிவுச்செல்வன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்ததும் அவள் "ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள்.

மறுநாள் கடைக்குக் கொண்டுபோனாள். உள்ளுக்குள் ஒரு ஆசை, தான் பார்த்தது தப்பாக இருக்கக் கூடாதா என்று. அதே வரிசையில் சல்லிசாகக் கிடைக்கும் முள் நண்டுக் கார்டு ஒன்றையும் கூடவே எடுத்துப் போயிருந்தாள். அதை அவளே பாக்கெட் பிரித்து எடுத்தது, அசல் என்பதில் சந்தேகம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடியில் கீறல் பார்க்க வைத்திருக்கும் சின்ன லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தாள். முள் நண்டில் கறுப்பு எழுத்து கறுப்பு மையாகவே, ஓரம் சுத்தமாக விழுந்திருந்தது. திருக்கையில் எழுத்தே சின்னச் சின்ன நிறப் புள்ளிகளால் ஆனதாக, ஓரம் பிசிறியிருந்தது. யாரோ அசலைப் படம் பிடித்து, அந்தப் படத்தை மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தாள். அசல் கார்டின் நடுவில் கருத்த அடுக்கு ஒன்று உண்டு, அது வெளிச்சத்தை மறித்துவிடும். திருக்கையில் வெளிச்சம் தாராளமாக மறுபக்கம் வந்தது.

அருள்தாஸ் பில் போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து பார்த்தார்.

"டூப்ளிகேட்டா?"

"ஆமா சார்."

"மாப்ளகிட்டச் சொல்லிரும்மா. இப்பவே சொன்னா சின்ன விஷயம்."

"அவ்வளவு அலஞ்சு வாங்கிட்டு வந்திருக்காரு சார். மனசு கஷ்டப்படும்."

"படத்தான் செய்யும். ரெண்டு நாள்ல சரியாயிரும்."

அவள் சொல்லவில்லை. லீவு முடிந்து அவன் சிங்கப்பூர் திரும்பிவிட்டான். தினமும் அவள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது போன் செய்வான். அந்தக் கார்டு கிடைத்த கதையை அவனே ரசித்து ரசித்துச் சொன்னான். விடுமுறை நாட்களில் கடை கடையாக ஏறி இறங்கியது, இணையக் குழு ஒன்றில் விற்கிற ஆளைப் பிடித்தது, ரயில் நிலைய வாசலில் நின்று வாங்கியது. "உண்மையாச் சொல்லு, புடிச்சிருக்கா?" என்று அடிக்கடி கேட்பான். ஒவ்வொரு தடவையும் "நல்லாருக்குங்க" என்றாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் பஸ் நார்த்தாமலைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அவன் உற்சாகமாக இருந்தான்.

"ஒனக்கு ஒரு விஷயம் தெரியுமா? நம்ம கண்ணன் இருக்கான்ல, ரூம்ல எங்கூடத் தங்கியிருக்கிறவன், அவனும் கார்டு வாங்க ஆரம்பிச்சுட்டான். வெல ஏறிக்கிட்டே போகும்னு நான்தான் சொன்னேன். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒதவும்ல. அதே ஆளுகிட்டதான் வாங்குறான். நாலஞ்சு வாங்கிட்டான். அடுத்த வாரம் இன்னும் மொத்தமா..."

மலையைத் தாண்டும்போது எப்போதும் போலச் சிக்னல் போய்விட்டது. சுடர்விழி போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தன் விஷயமாக இருந்தவரைக்கும் விழுங்கிக்கொள்ளலாம். இது இன்னொருத்தர் சேமிப்பு. குளத்தூரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடியில் நின்று அவளே போன் செய்தாள்.

"கண்ணன் அண்ணன வாங்க வேணாம்னு சொல்லுங்க."

"ஏன்?"

"அந்த ஆளு விக்கிறது ஒரிஜினல் இல்லங்க. நீங்க எனக்குக் குடுத்ததும் ஒரிஜினல் இல்ல."

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"நீங்க குடுத்தப்பவே தெரியும்."

"நிச்சயத்தன்னைக்கேவா?"

"ஆமாங்க."

"அப்ப நான் கேக்குறப்பல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னியே, அது?"

"மொதல்ல கண்ணன் அண்ணன்கிட்டச் சொல்லிருங்க" என்றாள்.

"சரி. கண்ணன்கிட்டச் சொல்லிர்றேன். வைக்கிறேன்."

மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளாக அனுப்பிய செய்திக்கு "வேலை இருக்கு" என்று ஒரு வரிப் பதில் வந்தது. மகள் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போவதைப் பார்த்துத் திலகவதி பிடித்துக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்கு ஆத்திரம்.

"ஒரு அட்டைக்காகக் கல்யாணத்தக் கெடுத்துக்குவியாடி? தெரிஞ்சதுதான் தெரிஞ்சுச்சு, வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"கண்ணன் அண்ணன் காசு போயிரும்மா."

"அவன் யாரு ஒனக்கு?"

பிச்சைமுத்து அதுவரை மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்தார். "அவ சொன்னது சரிதான் திலகா. சொன்ன நேரந்தான் தப்பு. அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். மகளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஆனால் அவர் சொன்ன பிறகுதான் தன் தப்பு எது என்று அவளுக்குப் பிடிபட்டது. அதுவரை, உண்மையைச் சொன்னதற்காகத்தான் அவன் கோபித்துக்கொண்டான் என்று நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. வீடியோவில் வந்தான். முகம் வாடியிருந்தது, ஆனாலும் கோபமில்லை.

"எப்படித் தெரிஞ்சுச்சுன்னு காட்டு. எனக்குப் பாக்கணும்."

அவள் போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கார்டுகளையும் எடுத்து வந்தாள். டார்ச் அடித்துக் காட்டினாள். லென்ஸை போன் கேமராவின் முன்னால் பிடித்து எழுத்தைக் காட்டினாள். சாய்த்து மின்னலைக் காட்டினாள். அவன் இன்னொரு முறை, இன்னும் கிட்டத்தில் என்று மட்டும் கேட்டான். எல்லாம் பார்த்து முடித்ததும் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"எங்க யார்டுலயும் இதே கததான். போன வருசம் ஒரு கொக்கி வந்துச்சு. பாக்க ஒரிஜினல் மாதிரியே இருக்கு. கம்பெனி முத்திர மட்டும் ஆழம் கம்மி. நான் வேணாம்னு ஒதுக்கி வச்சேன். வேல நிக்குதுன்னு சூப்பர்வைசர் கத்துனாரு, நான் விடல. அப்படி வேல பாக்குறவன், ரயில் ஸ்டேஷன் வாசல்ல நின்னு ஏமாந்திருக்கேன் பாரு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன்" என்றான். "எனக்குப் பயந்துகிட்டுச் சொல்லலியா, இல்ல நான் தாங்க மாட்டேன்னு நெனச்சியா?"

"தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"தாங்குவேன். இனிமே மொதல்லயே சொல்லிரு. நல்லால்லன்னா நல்லால்லன்னு சொல்லு."

"சரிங்க."

"நான் பேசாம இருந்ததும் தப்புதான். கண்ணன் திட்டுனான். அந்தப் புள்ள எங்காசக் காப்பாத்தியிருக்கு, நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியேன்னான்."

அன்றைக்கே கண்ணனும் வந்து உட்கார்ந்து, தான் ஏற்கெனவே வாங்கியிருந்த கார்டுகளைக் காட்டினான். சுடர்விழி இங்கிருந்து சொல்லச் சொல்ல அறிவுச்செல்வன் அங்கே டார்ச் அடித்தான். வேடிக்கை என்னவென்றால் அதில் சில அசலாகவே இருந்தன. அசலோடு போலியைக் கலந்து விற்றிருக்கிறான் அந்த ஆள். எல்லாவற்றையும் படம் எடுத்து, எது எங்கே பிசிறுகிறது என்று சுடர்விழி குறித்துக் கொடுக்க, இரண்டு பேரும் அந்த ஆளிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். அவன் வாதாடவில்லை. போலிகளை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிவிட்டான். பவளத் திருக்கைக்கும் பணம் தருகிறேன், அதை அனுப்பிவிடு என்றானாம். அறிவுச்செல்வன் மறுத்துவிட்டான். கண்ணன் பணத்துக்காகப் போலிகளைக் கொடுத்தாக வேண்டியிருந்தது, இதையும் திருப்பி அனுப்பினால் நாளைக்கு அதை வேறு யார் தலையிலாவது கட்டுவான் என்பது அவன் கணக்கு.

சுடர்விழி அந்தப் படங்களைத் தமிழ்நாட்டுக் கார்டுக்காரர்கள் இருக்கும் இணையக் குழு ஒன்றில் போட்டு, எப்படிப் பார்க்க வேண்டும் என்று தமிழில் விளக்கி எழுதினாள். அதுவரை அந்தக் குழுவில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே வாரத்தில் அவளுக்கு ஏகப்பட்ட படங்கள் வந்து குவிந்தன. அக்கா இது சரியா, சகோதரி இதைக் கொஞ்சம் பாருங்கள் என்று. கோயம்புத்தூர், நாகர்கோவில், எங்கெங்கிருந்தோ. பஸ்ஸில் போகும்போது பார்த்துப் பார்த்துப் பதில் போட்டாள். இது போலி, இது அசல். குழுவில் அவளுக்குக் குளத்தூர் அக்கா என்று பெயரே வந்துவிட்டது. "தலக்கனம் வந்துருச்சு சார் எனக்கு. நெசமாவே வந்துருச்சு" என்றாள் என்னிடம்.

அதை இறக்கிவிட்டது கட்டுமாவடிக்காரன் ஜஸ்டின். அவன் அங்கே மீனுக்கு ஐஸ் சப்ளை செய்யும் தொழில் பார்க்கிறான். துபாயில் இருக்கும் அவன் மாமா கொடுத்த ஒரு கார்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தான். படத்தில் பின்பக்க நீலம் ஒரு மாதிரி இருந்தது, பளபளப்பும் குறைவு. சுடர்விழி ஒரே பார்வையில் "போலி" என்று எழுதிவிட்டாள். கீழே பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். ஜஸ்டின் "நன்றி அக்கா" என்று எழுதிவிட்டு அடங்கிவிட்டான்.

ஒரு வாரம் கழித்து அவன் கடைக்கே வந்து நின்றான். முப்பது வயசிருக்கும், வெயிலில் கறுத்த ஆள், கையில் ஐஸ் பெட்டி.

"நீங்கதானே குளத்தூர் அக்கா? நான்தான் ஜஸ்டின். ஆஸ்பத்திரி வேலையா இங்கிட்டு வந்தேன். அந்தக் கார்ட ஒருக்கா கையில வச்சுப் பாத்துருங்களேன். மாமா பெரிய கடையில பில்லு போட்டு வாங்குனதுன்னு சத்தியம் பண்றாரு. மனசு கேக்கல."

அவள் வாங்கினாள். கையில் எடுத்ததுமே அட்டையின் கனம் சரியாக இருந்தது. டார்ச் அடித்தாள், வெளிச்சம் வரவில்லை. லென்ஸில் எழுத்து சுத்தம். பிறகு நிதானமாக இணையத்தில் தேடிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. அந்தக் கம்பெனி வேறொரு நாட்டு அச்சகத்திலும் கார்டு அடிக்கிறது. அங்கே அடிப்பதில் அட்டை வேறு, நீலமும் கொஞ்சம் வேறு. கார்டு அசல்தான்.

"ஜஸ்டின் அண்ணே, நான் சொன்னது தப்பு. இது ஒரிஜினல்தான்" என்றாள்.

ஜஸ்டின் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "நல்லவேளக்கா. நீங்க சொன்ன அன்னைக்கே கிழிச்சுப் போட்டுரலாம்னுதான் இருந்தேன். எம் பொஞ்சாதி புடுங்கி வச்சுக்கிட்டா."

சுடர்விழி அவன் முன்னாலேயே போனை எடுத்து, தான் சொன்னது தவறு, கார்டு அசல், ஜஸ்டினிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று குழுவில் எழுதினாள். அன்று முதல் படத்தை மட்டும் பார்த்து யாருக்கும் முடிவு சொல்வதில்லை. சந்தேகமாக இருக்கிறது, அல்லது தெரியவில்லை, அவ்வளவுதான் எழுதுவாள். கையில் வைத்துப் பார்த்தால்தான் தீர்ப்பு. சிலர் கோபித்துக்கொண்டார்கள். பலர் கார்டோடு நேரில் வர ஆரம்பித்தார்கள்.

ஜஸ்டின் போகும்போது ஐஸ் பெட்டியிலிருந்து நண்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அருள்தாஸுக்கும் ஒரு பங்கு. அந்த நண்டின் ருசிக்காகத்தானோ என்னவோ, கடை மாடியில் சும்மா கிடந்த அறையை ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களுக்கு அருள்தாஸ் திறந்துவிட்டார். முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். அடுத்த மாதம் உட்கார இடமில்லை. இலுப்பூர் ஆஸ்பத்திரி நர்ஸ் காவ்யா, பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர், காலேஜ் பெண்கள் நாலைந்து பேர். விளையாடுவார்கள், மாற்றிக்கொள்வார்கள், சந்தேகம் வந்தால் சுடர்விழியிடம் நீட்டுவார்கள். அவளும் தான் பார்ப்பதற்கு முன்னால் லென்ஸை அவர்களிடமே கொடுத்து, "நீங்க பாத்து என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்பாள்.

ஆவணியில் இலுப்பூரில் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டான் அறிவுச்செல்வன். குளத்தூர் வீட்டுக்கு வந்தவன், பவளத் திருக்கையைக் கேட்டு வாங்கி, உறையிலிருந்து எடுத்து, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் அழியாத மையால் "போலி" என்று எழுதினான்.

"எதுக்குங்க? இருந்துட்டுப் போகட்டும், நீங்க குடுத்ததுதானே" என்றாள் அவள்.

"இருக்கட்டும், நீயே வச்சுக்க. ஆனா நாளப்பின்ன இது யாரு கைக்குப் போனாலும் ஏமாறக் கூடாது."

திலகவதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எழுதுவதைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த கவலை அன்றைக்குத்தான் முழுசாகக் கரைந்தது. அதற்குப் பிறகு கார்டு பற்றி வீட்டில் யாரும் சண்டை போட்டதில்லை.

இப்போது சுடர்விழி இலுப்பூரிலிருந்து அன்னவாசல் வழி பஸ்ஸில் கடைக்கு வருகிறாள். அறிவுச்செல்வன் சிங்கப்பூரில்தான் இருக்கிறான். திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அதே சோதனை வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறான், அடுத்த வருஷம் வந்துவிடுவேன் என்கிறான். அதுவரை வீட்டில் மருமகளும் மாமியாரும்தான். கல்யாணமான புதிதில், சாப்பாடு முடிந்து சுடர்விழி கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அழகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம்.

"இந்த ஆமைக்கு எதுக்கு மூணு கண்ணு?"

"மூணாவது கண்ணத் தொறந்தா எதிராளி ஒரு சுத்து ஆடாம சும்மா இருக்கணுங்க அத்தே."

"அட. அப்ப அதத்தான் மொதல்ல எறக்கணும்."

இங்கிலீஷ் எழுத்து அழகிக்குத் தெரியாது. எண்ணும் படமும் போதுமானதாக இருந்தது. ஒரு மாதத்தில் ஆட்டம் கைவந்துவிட்டது. இப்போது மருமகள் ஒரு ஆட்டம் ஜெயித்தால் மாமியார் இரண்டு ஜெயிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாடி அறைக்கும் கூடவே வருகிறார். பேங்க்காரர் அவரோடு ஆட உட்காரவே தயங்குகிறார்.

போன வாரம் நான் கடைக்குப் போனபோது சுடர்விழி ஏதோ யோசனையாக இருந்தாள். சென்னையில் கார்டு சேர்ப்பவர்கள் இரண்டு நாள் கூட்டம் ஒன்று நடத்துகிறார்களாம். ஏராளமான பேர் வருவார்கள், வாங்குவதும் விற்பதும் நடக்கும். அங்கே ஒரு மேசை போட்டு, வாங்குகிறவர்களுக்குக் கார்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள்.

"போறதுதானேம்மா?" என்றேன்.

"பயமா இருக்கு சார். அவ்வளவு பேரு முன்னாடி. தெரியாதது ஏதாவது வந்துட்டா?"

உள்ளேயிருந்து அருள்தாஸ் குரல் கொடுத்தார். "தெரியலன்னு சொல்லிட்டு வா. அதுக்கு எதுக்குப் பயம்?"

அவள் சிரித்துவிட்டாள். "அறிவும் அதான் சொன்னாரு. அத்தை அதுக்குள்ள டிக்கெட்டே போடச் சொல்லிட்டாங்க. ரெண்டு பேரும்தான் போறோம். அங்க ஆடவும் விடுவாங்களான்னு தெனம் கேக்குறாங்க."

"விடுவாங்களா?"

"போட்டி இருக்கு சார். அவங்க பேரக் குடுத்துட்டேன், அவங்களுக்கு இன்னும் தெரியாது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னை ரயிலுக்கு அருள்தாஸ்தான் இரண்டு பேரையும் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். அழகி அம்மாள் புளிச்சோறு கட்டி எடுத்து வந்திருந்தாராம். வண்டி கிளம்புவதற்கு முன்பே பெட்டியின் மேல் துண்டை விரித்து, கார்டுகளைக் கலைத்துப் போட ஆரம்பித்துவிட்டார்களாம்.